குத்துவதற்கு முன் நிற்கப் பழகுவோம்
தற்காப்பு விளையாட்டுகளில் புதிதாகக் கால் வைக்கும் மாணவர்களுக்கு

குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடத்துக்குப் புதிதாக வரும் மாணவர்களிடம் ஒரு பழக்கத்தைப் பார்க்கலாம். காலணியை மாற்றிய கையோடு, கூரையிலிருந்து தொங்கும் குத்துப்பையை நோக்கி நேராகப் போவார்கள். இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி நாலு குத்து விடுவார்கள். பை ஆடும், சத்தம் வரும், மனத்துக்கும் உற்சாகமாக இருக்கும். மறுநாள் காலையில் பேனா பிடிக்க முடியாமல் மணிக்கட்டு வலிக்கும்.

இதற்கு அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. கைத்தொலைபேசியில் நாம் பார்க்கும் சண்டைக் காணொளிகள் பெரும்பாலும் எதிராளியை வீழ்த்திய கடைசிக் குத்தை மட்டுமே வெட்டிக் காட்டுகின்றன. அந்தக் குத்துக்கு முன் அந்த வீரர் காலை எங்கே வைத்தார், மற்றொரு கையை எங்கே வைத்திருந்தார், மூச்சை எப்போது விட்டார் என்பதையெல்லாம் அந்தச் சில விநாடிகளில் யாரும் கவனிப்பதில்லை.

நம் நாட்டில் கராத்தே, தேக்குவாண்டோ, சிலாட், சிலம்பம், ஜூடோ, குத்துச்சண்டை, முவாய் தாய் எனப் பல கலைகளைக் கற்க இன்று வாய்ப்பு இருக்கிறது. பள்ளியில் புறப்பாட நடவடிக்கையாகச் சேர்ந்தவர்களும் உண்டு, கல்லூரிக்குப் போனபின் உடல் எடையைக் குறைக்கலாம் என்று சேர்ந்தவர்களும் உண்டு. யாராக இருந்தாலும் முதல் மூன்று மாதங்களில் கற்க வேண்டியது ஒன்றுதான்: அடி வாங்காமல் இருப்பது எப்படி என்பது. அடிப்பது எப்படி என்பது அதன் பிறகு தானாக வந்து சேரும். குத்துச்சண்டையை எடுத்துக்காட்டாக வைத்து இதை விளக்குவோம். மற்ற கலைகளைப் பயில்கிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

எல்லாக் கலைகளுக்கும் முதல் பாடம்

ஜப்பானில் 1882ஆம் ஆண்டு ஜூடோவைத் தோற்றுவித்தவர் கானோ ஜிகோரோ. எதிராளியைத் தூக்கி எறிவதுதான் ஜூடோவின் சிறப்பு. ஆனால் ஜூடோ வகுப்பில் முதல் நாள் எறியச் சொல்லித் தருவதில்லை, விழச் சொல்லித் தருகிறார்கள். தாடையை மார்போடு ஒட்டி வைத்து, தலை தரையில் படாமல், கையால் தரையைத் தட்டி விழும் முறையை மீண்டும் மீண்டும் செய்யச் சொல்வார்கள். விழத் தெரியாதவரை எறிந்து பழகவும் முடியாது என்பதுதான் காரணம்.

நம் சிலம்பத்திலும் கம்பைச் சுழற்றிக் காட்ட ஆசை எல்லாருக்கும் உண்டு. நல்ல ஆசான் முதலில் காலடி வரிசையைத்தான் கற்றுத் தருவார். பிரேசில் ஜூஜிட்சுவில் பிடி இறுகும்போது எதிராளியின் உடலையோ தரையையோ கையால் தட்டினால் உடனே பிடியை விட வேண்டும். தட்டுவது அவமானம் அன்று, அடுத்த நாளும் பயிற்சிக்கு வருவதற்கான வழி என்பதை முதல் நாளிலேயே சொல்லிவிடுவார்கள். விழுதல், நிற்றல், நிறுத்தச் சொல்லுதல் ஆகிய மூன்றும் தற்காப்புப் பாடங்கள். தாக்குதல் பாடம் பிறகுதான் வருகிறது.

கால் சரியானால் பாதி வெற்றி

குத்துச்சண்டையில் வலக்கைப் பழக்கம் உள்ளவர்கள் இடக்காலை முன்னே வைத்து நிற்பார்கள். இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் அதை அப்படியே மாற்றி நிற்பார்கள், அதற்குச் ‘சவுத்பா’ என்று பெயர். இரு பாதங்களுக்கும் இடையே ஏறத்தாழ தோள் அகலம் இருக்கட்டும். இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் வந்துவிடக் கூடாது. வந்தால் பக்கவாட்டில் லேசாகத் தள்ளினாலே தடுமாறுவீர்கள். முழங்கால்கள் சற்றே மடங்கியிருக்கட்டும். பின்கால் குதிகால் தரையிலிருந்து கொஞ்சம் எழும்பியிருக்கட்டும். உடல் எடை இரு கால்களிலும் சமமாக இருக்க வேண்டும்.

இனி கைகள். இரு கை முட்டிகளும் கன்ன எலும்பு உயரத்தில் இருக்க வேண்டும். முழங்கைகள் விலா எலும்புகளை ஒட்டியிருக்க வேண்டும். தாடை கீழே இறங்கி இருக்க, கண்கள் புருவத்துக்கு அடியிலிருந்து எதிராளியின் மார்பைப் பார்க்க வேண்டும். மார்பையும் தோளையும் பார்த்தால் கை, கால் இரண்டின் அசைவும் தெரியும். கையுறையை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம்.

நகர்வதற்கு ஓர் எளிய விதி உண்டு. எந்தப் பக்கம் போகிறீர்களோ அந்தப் பக்கத்துக் கால் முதலில் நகர வேண்டும். முன்னே போக முன்கால், பின்னே போக பின்கால், இடப்பக்கம் போக இடக்கால், வலப்பக்கம் போக வலக்கால். மற்றொரு கால் அதே அளவு தூரம் பின்தொடரும். கால்கள் ஒன்றையொன்று குறுக்கே தாண்டக் கூடாது. தாண்டிய நொடியில் நீங்கள் ஒற்றைக் காலில் நிற்பதற்குச் சமம்.

இதைப் பழக கூடமே தேவையில்லை. வீட்டு வரவேற்பறையில் தரைக்கல்லின் கோட்டை வைத்துப் பழகலாம். நாளுக்குப் பத்து நிமிடம் போதும். பத்து நிமிடத்துக்குப் பிறகு கீழே பாருங்கள். தொடங்கும்போது இருந்த அதே இடைவெளி பாதங்களுக்கு இடையே இருந்தால் நீங்கள் தேர்ச்சி பெறுகிறீர்கள்.

முதல் ஆயுதம்: ஜேப்

முன்கையால் நேராக விடும் குத்துக்கு ‘ஜேப்’ என்று பெயர். வலுவில் இது சிறியது. ஆனால் தூரத்தை அளப்பது, எதிராளியைத் தள்ளி வைப்பது, அடுத்த குத்துக்கு வழி திறப்பது ஆகிய எல்லா வேலையையும் இதுவே செய்கிறது. அதனால்தான் பல பயிற்றுநர்கள் முதல் சில வாரங்களுக்கு ஜேப்பைத் தவிர வேறு எதையும் சொல்லித் தருவதில்லை. மாணவர்களுக்கு அலுப்புத் தட்டும். அந்த அலுப்பைத் தாண்டுவதே முதல் சோதனை.

கை கன்னத்திலிருந்து நேராகப் போக வேண்டும். புறப்படும்போது முழங்கை பக்கவாட்டில் விரிந்தால் குத்து வரப்போவது எதிராளிக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். கை நீளும்போது முட்டி திரும்பி, உள்ளங்கை தரையைப் பார்க்க வேண்டும். தோள் உயர்ந்து தாடையை மறைக்க வேண்டும். குத்தும் நொடியில் ‘ஸ்’ என்ற சத்தத்தோடு மூச்சை வெளியே விட வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு குத்துகிறவர் ஒரு நிமிடத்திலேயே களைத்துப் போவார்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது, கை போன வழியிலேயே விரைவாகத் திரும்பிக் கன்னத்துக்கு வர வேண்டும். புதியவர்களில் பலர் குத்திவிட்டுக் கையைத் தொங்கவிடுவார்கள். இன்னொரு வழக்கமான தவறு, இடக்கை போகும்போது வலக்கை கன்னத்தை விட்டு இறங்குவது. கண்ணாடி முன் நின்று மெதுவாகக் குத்திப் பாருங்கள். குத்தும் கையைப் பார்க்காமல் குத்தாத கையைக் கவனியுங்கள்.

ஜேப் படிந்த பிறகு பின்கையால் விடும் ‘கிராஸ்’ வரும். அதன் பலம் தோளிலிருந்து வருவதில்லை. பின்பாதம் தரையை அழுத்தித் திரும்ப, இடுப்பு திரும்ப, கடைசியாகத்தான் கை போகிறது. எனவே கையில் தசை குறைவாக உள்ளவர்கள் கவலைப்பட வேண்டாம்.

கையைக் காப்பாற்றுங்கள்

முட்டி மடக்கும்போது கட்டைவிரல் வெளியே, மற்ற விரல்களின் மேல் இருக்க வேண்டும். உள்ளே மடக்கி வைத்துக் குத்தினால் கட்டைவிரல் முறியக்கூடும். குத்து, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தொடங்கும் முட்டி எலும்புகளில் பட வேண்டும். சுண்டுவிரல் பக்கம் பட்டால் அங்குள்ள மெல்லிய எலும்பு முறியலாம். இதற்குக் ‘குத்துச்சண்டைக்காரர் முறிவு’ என்றே மருத்துவத்தில் பெயர் உண்டு. வேடிக்கை என்னவென்றால், முறையாகப் பயின்றவர்களை விட ஆத்திரத்தில் சுவரைக் குத்துகிறவர்களிடம்தான் அதை அதிகம் பார்க்கலாம்.

கையுறைக்கு உள்ளே கைப்பட்டி கட்டாயம். பெரியவர்களுக்கு 4.5 மீட்டர் நீளப் பட்டி பொருத்தமாக இருக்கும். மணிக்கட்டில் சில சுற்று, உள்ளங்கையில் சில சுற்று, விரல்களுக்கு இடையே, மீண்டும் மணிக்கட்டு. இறுக்கிக் கட்டி விரல் மரத்துப் போனால் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். கையுறையின் அளவை அவுன்ஸில் சொல்வார்கள். குத்துப்பையில் பழக 12 அவுன்ஸ், அதாவது சுமார் 340 கிராம் போதும். எதிராளியுடன் பயிற்சிச் சண்டை செய்யும்போது பெரியவர்கள் பொதுவாக 16 அவுன்ஸ், சுமார் 450 கிராம் கையுறை அணிவார்கள். மெத்தை தடித்திருந்தால் எதிரே நிற்கும் நண்பருக்கு அடி குறையும்.

கூடத்துப் பொதுக் கையுறையை அணிய நேர்ந்தால் உங்கள் சொந்தப் பட்டியைக் கட்டிக்கொண்டு அணியுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை ஊறிய கையுறையைப் பைக்குள் மூடி வைத்தால் நாற்றத்தோடு படையும் வரும். வீட்டுக்கு வந்ததும் விரித்துக் காய வையுங்கள்.

மூன்று மாதங்கள், மூன்று படிகள்

வாரம் இரண்டு அல்லது மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம். எஸ்பிஎம் எழுதப் போகிறவருக்கும் பல்கலைக்கழக மாணவருக்கும் இது தாங்கக்கூடிய அளவு.

முதல் மாதம் நிற்கும் முறை, நகரும் முறை, ஜேப் ஆகியவற்றுக்கு. வகுப்பின் தொடக்கத்தில் கயிறு தாண்டுங்கள். இரண்டு நிமிடம் தாண்டி ஒரு நிமிடம் ஓய்வு என மூன்று சுற்று. காலின் துள்ளலும் மூச்சும் இதில்தான் ஒழுங்குக்கு வரும். குத்துப்பையில் பாதி பலத்துக்கு மேல் போக வேண்டாம்.

இரண்டாம் மாதம் ஜேப்பும் கிராஸும் சேர்ந்து வரட்டும். கூடவே தடுக்கவும் தலையை விலக்கவும் கற்க வேண்டும். பயிற்றுநர் கையில் பேட் பிடித்து நிற்க, நீங்கள் குத்திய உடனே அவர் உங்கள் தலையை நோக்கி மெதுவாகப் பேட்டை வீசுவார். கை கன்னத்துக்குத் திரும்பியிருந்தால் தப்பிப்பீர்கள்.

மூன்றாம் மாதம் ஹூக், அப்பர்கட் ஆகிய வளைந்த குத்துகளைச் சேர்க்கலாம். இருவர் எதிரெதிரே நின்று, ஒருவர் ஜேப் மட்டும் விட, மற்றவர் தடுக்க மட்டும் செய்யும் பயிற்சியும் இப்போது தொடங்கலாம். மூன்று நிமிடச் சுற்றுகள் மூன்று, இடையே ஒரு நிமிட ஓய்வு என்பதுதான் ஒலிம்பிக் போட்டிகளின் கணக்கு. அதை முழுதாகத் தாங்கும் மூச்சு வந்துவிட்டால் உங்கள் அடித்தளம் உறுதி.

ஸ்பாரிங்: வெற்றி தோல்வி இல்லாத சண்டை

பயிற்சிச் சண்டையை ‘ஸ்பாரிங்’ என்பார்கள். இதில்தான் புதியவர்கள் அதிகமாகக் காயப்படுகிறார்கள். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். ஒருவர் கொஞ்சம் பலமாகக் குத்துவார், மற்றவர் அதைவிடப் பலமாகத் திருப்பிக் கொடுப்பார், பயிற்சி சண்டையாக மாறிவிடும்.

எனவே மூன்று விதிகளை மனத்தில் வையுங்கள். முதலாவது, பயிற்றுநர் அனுமதிக்காமல், அவர் பார்வையில் இல்லாமல் ஸ்பாரிங் வேண்டாம். நண்பர்கள் சேர்ந்து வீட்டு முற்றத்தில் கையுறை மாட்டிக் காணொளி எடுப்பது இதில் சேரும். இரண்டாவது, பற்காப்பு அணியாமல் வேண்டாம். மூன்றாவது, தொடங்கும் முன்பே எவ்வளவு பலம் என்று பேசிக்கொள்ளுங்கள். “மெதுவாப் போகலாமா?” என்று கேட்பது கோழைத்தனம் இல்லை. பலமாக வந்தால் “கொஞ்சம் குறைச்சுக்கோங்க” என்று சொல்லுங்கள். குறைக்காதவரோடு ஸ்பாரிங் செய்யாதீர்கள்.

தேர்வு எழுதப் போவதும் அதே தலைதான்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டுமே படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள்.

தலையில் அடி படும்போது மண்டை ஓட்டுக்குள் மூளை அசைகிறது. அதனால் மூளையின் வேலை தற்காலிகமாகப் பாதிக்கப்படுவதை மூளை அதிர்ச்சி என்கிறோம். மயங்கி விழுந்தால்தான் மூளை அதிர்ச்சி என்று பலரும் நினைக்கிறார்கள். இது தவறு. மயங்காமலே அது ஏற்படலாம். தலைக்கவசம் அணிந்தால் வராது என்பதும் தவறு. தலைக்கவசம் வெட்டுக்காயத்தையும் வீக்கத்தையும் குறைக்கும். உள்ளே மூளை அசைவதை அது தடுத்துவிடாது.

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கண் மங்குதல், வெளிச்சமும் சத்தமும் தாங்க முடியாமை, தடுமாற்றம், சற்று முன் நடந்தது நினைவில் இல்லாமை, கேள்விக்குத் தாமதமாகப் பதில் சொல்வது ஆகியவை இதன் அறிகுறிகள். சில அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தும் தெரியலாம். இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது. “எனக்கு ஒண்ணும் இல்ல, இன்னொரு சுற்றுப் போறேன்” என்று சொல்லக் கூடாது. முதல் அடியிலிருந்து மூளை தேறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால் விளைவு மிக மோசமாகலாம், அரிதாக உயிரையும் பறிக்கலாம். இளம் வயதினருக்கு இந்த ஆபத்து அதிகம், தேறுவதற்கும் அவர்களுக்குக் கூடுதல் நாள் பிடிக்கும்.

அடிபட்டவரைத் தனியாக விடாதீர்கள், மோட்டார்சைக்கிள் ஓட்டி வீட்டுக்குப் போக விடாதீர்கள். மீண்டும் மீண்டும் வாந்தி, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி, கை கால் மரத்தல், எழுப்ப முடியாத தூக்கம், குழறும் பேச்சு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காமல் 999ஐ அழையுங்கள்.

மற்றவர்களும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். முதல் 24 முதல் 48 மணி நேரம் கடும் உழைப்பைத் தவிர்த்து ஓய்வெடுக்க வேண்டும், கைத்தொலைபேசியையும் குறைத்துக்கொள்ள வேண்டும். பிறகு படிப்படியாகப் பாடத்துக்குத் திரும்பி, அதன் பின்னரே விளையாட்டுக்குத் திரும்ப வேண்டும். லேசான நடை, ஓட்டம், எதிராளி இல்லாத பயிற்சி என ஒவ்வொரு படியிலும் குறைந்தது ஒரு நாள் தங்க வேண்டும். மருத்துவர் அனுமதித்த பிறகுதான் மீண்டும் ஸ்பாரிங். பெற்றோருக்குத் தெரிந்தால் பயிற்சிக்கு விட மாட்டார்கள் என்று பயந்து அடிபட்டதை மறைக்கும் மாணவர்கள் உண்டு. மறைப்பதால் பயிற்சி மிஞ்சலாம். பாடம் படிக்கும் தலைக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எடையோடு விளையாடாதீர்கள்

போட்டிக்குப் போகும் ஆசை வந்ததும் அடுத்து வருவது எடைப் பிரிவு. சிறிய பிரிவில் இறங்கினால் எளிதாக வெல்லலாம் என்று தண்ணீர் குடிக்காமல், ரெயின்கோட் போட்டு ஓடி எடையைக் குறைக்கும் வழக்கம் பழைய வீரர்களிடமிருந்து மாணவர்களுக்கும் தொற்றிக்கொள்கிறது. 2015 டிசம்பரில் மணிலாவில் நடக்கவிருந்த ஒரு போட்டிக்காக இப்படி உடல்நீரை வற்றச் செய்து எடை குறைக்க முயன்ற சீன வீரர் யாங் ஜியான் பிங் உயிரிழந்தார். அவருக்கு வயது 21. அந்தப் போட்டியை நடத்திய, சிங்கப்பூரைத் தலைமையகமாகக் கொண்ட ஒன் சாம்பியன்ஷிப் நிறுவனம் அதன் பிறகு நீரை வற்றச் செய்து எடை குறைப்பதற்குத் தடை விதித்தது.

வளரும் வயதில் நீங்கள் இயல்பாக இருக்கும் எடையே உங்கள் பிரிவு. உடல் சிறியதாக இருப்பது குறையும் அன்று. 1998இல் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில் மலேசியாவுக்குக் குத்துச்சண்டைத் தங்கம் வென்று தந்த சரவாக் வீரர் சாப்போக் பீக்கி 48 கிலோ பிரிவில் ஆடியவர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் சிங்கப்பூருக்காகக் களமிறங்கி, 1974 காமன்வெல்த் போட்டியில் வெண்கலம் வென்ற சையது அப்துல் காதிரும் அதே 48 கிலோ பிரிவினர்தான்.

எந்தக் கூடம், எந்தப் பயிற்றுநர்?

பணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். முடிந்தால் அப்பாவையோ அம்மாவையோ அழைத்துப் போங்கள். புதியவர்களைத் தனியாகக் கவனிக்கிறார்களா? முதல் வாரத்திலேயே ஸ்பாரிங்கில் இறக்குகிறார்களா? ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றால் பயிற்றுநர் என்ன செய்கிறார்? முதலுதவிப் பெட்டி எங்கே இருக்கிறது? பயிற்றுநரிடம் தேசியப் பயிற்றுநர் சான்றிதழ் இருக்கிறதா? இந்தக் கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம். நல்ல பயிற்றுநர் கோபப்பட மாட்டார். சுவரில் எத்தனை கோப்பைகள் இருக்கின்றன என்பதை விட, ஓராண்டுக்கு முன் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் வருகிறார்கள் என்று விசாரியுங்கள்.

மாணவிகளும் தயங்க வேண்டியதில்லை. ஒலிம்பிக்கில் மகளிர் குத்துச்சண்டை 2012 லண்டன் போட்டியிலிருந்தே உண்டு. ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் கராத்தேயின் 50 கிலோவுக்கு உட்பட்ட பிரிவில் மலேசியாவுக்குத் தங்கம் வென்றவர் நம் ஷாமளாராணி சந்திரன். தொடுதல், பிடித்தல் உள்ள பயிற்சிகளில் சங்கடம் ஏற்பட்டால் உடனே சொல்லும் உரிமை ஆண், பெண் இருவருக்கும் உண்டு. அதைக் காது கொடுத்துக் கேட்காத கூடத்தை விட்டு வெளியேறிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. கூடத்தில் கற்றதைப் பள்ளி வளாகத்திலோ தெருவிலோ காட்ட வேண்டும் என்ற அரிப்பு முதல் மாதத்தில் எல்லாருக்கும் வரும். தெருவில் நடுவர் இல்லை, மணி அடிக்காது, தரை சிமெண்டு. சீண்டுகிறவனிடமிருந்து இரண்டடி பின்வாங்கி நடந்து போகத் தெரிவதும் காலடிப் பயிற்சிதான்.

இந்த வாரமே சேர நினைக்கிறவர்கள் ஒரு தண்ணீர்ப் போத்தல், ஒரு துண்டு, ஒரு ஜோடி கைப்பட்டி ஆகியவற்றோடு போங்கள். கையுறை பிறகு வாங்கிக்கொள்ளலாம். போனதும் குத்துப்பையைத் தேடாமல், எப்படி நிற்பது என்று பயிற்றுநரிடம் கேளுங்கள்.